புல்லட் அடியில் ஆயில் ஒழுகுது, ஆடி அமாவாசைக்குள் சரியாகணும்: உதவி

பாளை 350:
வணக்கம். புல்லட்டில் ஆயில் ஒழுகுகிறது. நேற்று சாயங்காலம் சமாதானபுரம் வரை ஒரு சுற்று போய் வந்து நிறுத்தினேன். காலையில் பார்த்தால் தரையில் தோசைக்கல் அகலத்துக்கு ஆயில். நட்டெல்லாம் இறுக்கிவிட்டேன், நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை, இந்த வண்டியில்தான் பாபநாசம் போக வேண்டும். எந்த மூடிக்கு இடையில் இருக்கும் பேக்கிங்கை மாற்றணும்? சீக்கிரம் சொல்லுங்க.

பேட்டை ஸ்பானர்:
அண்ணாச்சி, எந்த வருஷத்து வண்டி? பழைய வார்ப்பிரும்பு எஞ்சினா, அப்புறம் வந்த, கியர்பாக்ஸும் சேர்ந்தே இருக்கும் யூசிஇ எஞ்சினா? ஒழுகுவது இடது பக்கமா, வலது பக்கமா, நடுவிலா? ஆயில் என்ன நிறம்?

சேரை வயக்காடு:
வலது பக்க மூடி, அதான் டைமிங் கவர், அதோட பேக்கிங்தான். யோசிக்கவே வேண்டாம், கழற்றி மாற்றுங்க. எங்க சித்தப்பா வண்டியிலும் இதேதான்.

அம்பை வாத்தியார்:
இடம் தெரியாமல் பேக்கிங் பெயரைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை இங்கே பல தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. தம்பி, முதலில் எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுப் பிரஷ்ஷால் கழுவித் துணியால் துடையுங்கள். காய்ந்ததும் சந்தேகப்படும் இணைப்புகளில் முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அதுதான் வாய். ஓடும்போது காற்றடித்து எண்ணெய் பின்னாலேயும் கீழேயும் பரவும். சொட்டும் இடத்தை வைத்து ஒழுகும் இடத்தைச் சொல்ல முடியாது. இந்த அடிப்படை தெரியாமல் பழைய புல்லட்டை வைத்துக்கொள்வது கஷ்டம்.

பாளை 350:
1994 வண்டி, கியர் வலது கால். ஆயில் கறுப்பு. நடுவில்தான் அதிகம், இடது பக்கம் கிளட்ச் கவர் ஓரமும் ஈரம். கவர் நட்டை நல்லா இறுக்கியிருக்கேன்.

பேட்டை ஸ்பானர்:
அந்த நட்டை மேலும் இறுக்காதீங்க! அந்த மாடலில் கவரைப் பிடிப்பது நடுவில் இருக்கும் அந்த ஒரே நட்டுதான், ஓரத்தில் ரப்பர். இறுக்க இறுக்க நடுப்பகுதி உள்ளே போய் ஓரம் வாயைத் திறக்கும். கொஞ்சம் தளர்த்தி, ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கா என்று பாருங்க. ஆனால் அங்கே உள்ளே இருப்பது தனி ஆயில். கறுப்பாக நடுவில் விழுவது எஞ்சின் ஆயில். கியர்பாக்ஸில் இருந்து வந்தால் கெட்டியாக, கந்தக வாடை அடிக்கும். மோந்து பாருங்க.

கல்லிடை 500:
இது இரண்டு ஒழுகல். கிளட்ச் கவருக்கு ரப்பரைத் தேடாமல் அனபாண்ட் பசை போட்டு ஒட்டினால் முடிந்தது.

சேரை வயக்காடு:
அனபாண்ட் வேண்டவே வேண்டாம். வீரவநல்லூரில் ஒரு மேஸ்திரி இருந்தார். காலண்டர் அட்டையைக் கவர் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டுவார். போல்ட் துளை, வளைவு எல்லாம் அட்டையில் அப்படியே வெட்டி விழும். ஆயிலில் ஊறவைத்துப் போடுவார். அவர் போட்டது மூணு வருஷம் நின்றது.

கல்லிடை 500:
காலண்டர் அட்டை ஊறி ஊறிப் பிய்ந்து துகளாகும். துகள் ஆயில் வழியில் போனால் என்ன ஆகும்?

சேரை வயக்காடு:
அனபாண்ட் பிதுங்கி உள்ளே விழுந்தால் மட்டும் ஒன்றும் ஆகாதா? எங்க தெருவில் ஒரு வண்டியைத் திறந்தபோது ஆயில் வலையில் ரப்பர் புழு மாதிரி அதுதான் கிடந்தது.

அம்பை வாத்தியார்:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். பழைய கவர்களில் பாதி ஒழுகலுக்குக் காரணம் பேக்கிங்கே இல்லை. கவர் வரவில்லை என்று ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பியிருப்பார்கள், அலுமினியத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்கு எந்த அட்டையும் உதவாது. கண்ணாடி மேல் மெல்லிய எமரித் தாளை வைத்துக் கவரைத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

கடையம் அக்கா:
தம்பி, ஒன்று கேட்கணும். வண்டி தினமும் ஓடுகிறதா, இல்லை நின்றே கிடந்ததா? கடைசியாக எப்போது ஆயில் ஊற்றினீங்க, எவ்வளவு?

பாளை 350:
அப்பா வண்டி அக்கா. நான் திருப்பூரில் இருக்கேன். நாலு மாசமா வீட்டுத் தார்சாவில்தான் நின்றது. நேற்று வெளியே எடுக்கும்போது அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயிலே ஒட்டவில்லை. முக்கால் லிட்டர் ஊற்றினேன். அதுக்கும் இதுக்கும் என்ன?

கடையம் அக்கா:
அதுதான் காரணம் தம்பி, பதறாதீங்க. உங்க வண்டியில் ஆயில் இருக்கும் அறை தனி, கிராங்க் சுழலும் அறை தனி. இரண்டு பம்பு உண்டு. ஒன்று ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும், இன்னொன்று கீழே வடிந்ததைத் திரும்ப எடுத்து அறைக்குக் கொடுக்கும். மாசக் கணக்கில் நின்றால் அறையில் உள்ள ஆயில் பம்பு வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் பார்த்தால் காலி. ஆயில் எங்கேயும் போகவில்லை, இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

நீங்க அதுக்கு மேல் முக்கால் லிட்டர் ஊற்றினீங்க. ஸ்டார்ட் பண்ணினதும் பம்பு கீழே கிடந்ததையும் எடுத்து மேலே கொடுத்தது. இருக்க இடமில்லாத ஆயில், எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் பைப் வழியாக வெளியே வந்து எஞ்சின் அடி முழுக்க நனைத்திருக்கு. அந்த அழுத்தத்தில் பலவீனமான இணைப்பிலும் கசியும்.

பேக்கிங் எதையும் பிரிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, உடனே டிப்ஸ்டிக் பாருங்க. இந்த வண்டிக்கு ஓடின பிறகு பார்ப்பதுதான் அளவு. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் மெல்லிய ட்யூப் மாட்டி, ஊற்றும் வாய் வழியாக உறிஞ்சி எடுங்க. அப்படியே ஆயிலை மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் டேப் கசிந்து உள்ளே இறங்குதுன்னு அர்த்தம், அப்போ ஆயில் முழுக்க மாற்றணும், அதோடு ஓட்டக்கூடாது.

பிரீதர் பைப் முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அதை விரலால் அமுக்கிப் பாருங்க. விறைத்துப் போயிருந்தால் மாற்றுங்க, விலை ரொம்பக் குறைவுதான்.

அம்பை வாத்தியார்:
நின்ற வண்டி என்று முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அக்கா சொன்னது சரி.

மாஞ்சோலை மழை:
வேறு விஷயம். அமாவாசை அன்று காரையாறு வரை போவதாக இருந்தால், தனி வண்டியை மேலே விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்க. சொரிமுத்து அய்யனார் கோவில் கூட்டத்துக்காக அகஸ்தியர்பட்டியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி பஸ் விடுவது உண்டு.

பேட்டை ஸ்பானர்:
பாபநாசம் கீழ்க்கோவில் படித்துறை என்றால் சிக்கல் இருக்காது. ஆனால் கிளம்பும் முன் பின் டயரைப் பாருங்க அண்ணாச்சி. ஆயில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு எடுங்க. முக்கூடல் வளைவில் வழுக்கினால் பிடிக்க முடியாது.

சேரை வயக்காடு:
சிரிஞ்சில் எடுத்தீங்களா? டைமிங் கவரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்க.

பாளை 350:
அக்கா சொன்னபடி எடுத்தேன், அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. பெட்ரோல் வாடை இல்லை. இன்று காலை அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், போக வர நூறு கிலோமீட்டருக்கு எதுவும் இல்லை. நிறுத்திய இடத்தில் இடது பக்கம் இரண்டு சொட்டு மட்டும். நன்றி.

பேட்டை ஸ்பானர்:
அது கிளட்ச் கவர் ரப்பர். பிரீதர் ரப்பர் எப்படி இருந்தது அண்ணாச்சி? மாற்றினீங்களா?