டெல்லி குளிர்ல தேங்காய் எண்ணெய் கல்லாகுது, நல்லெண்ணெய் மட்டும் ஏன் உறையல?

மயூர்விஹார்காரன்:
வணக்கம் மக்களே. பொண்ணு பதினொன்னாவது, சிபிஎஸ்இ. நேத்து பயோமாலிக்யூல்ஸ் பாடம் படிச்சுட்டு இருந்தவ திடீர்னு "ஜிஞ்செல்லின்னா என்னப்பா"ன்னா. என்சிஇஆர்டி புக்ல, ஆயிலுக்கு உருகுநிலை கம்மி, உதாரணம் ஜிஞ்செல்லி ஆயில், அதனால குளிர்காலத்துலயும் எண்ணெயாவே இருக்கும்னு போட்டிருக்கான். அடியே அது நம்ம நல்லெண்ணெய்டி, தினம் இட்லிப்பொடிக்கு ஊத்திக்கிறியேன்னேன். உடனே பாத்ரூம்ல இருந்து தேங்காய் எண்ணெய் பாட்டில எடுத்துட்டு வந்து கவுத்துக் காட்டுறா, ஒரு சொட்டு விழல, வெள்ளை வெளேர்னு மெழுகு மாதிரி நிக்குது. இதுவும் ஆயில்தானே, இது மட்டும் ஏன் உறைஞ்சுதுங்கறா. நான் படிச்சது காமர்ஸ். நடுவுல எங்கம்மா வேற, உறைஞ்சாதான் ஒரிஜினல்னு ஒரே போடா போட்டுட்டாங்க. யாராவது எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.

லேப்கோட்டு:
ரெண்டுமே ட்ரைகிளிசரைடுதான் சார். ஒரு கிளிசரால், அதுல மூணு வால், ஒவ்வொரு வாலும் ஒரு ஃபேட்டி ஆசிட். விஷயமே அந்த வால்லதான் இருக்கு. துடைப்பத்துல ஈர்க்குச்சி எல்லாம் நேரா இருந்தா கட்டு எவ்வளவு இறுக்கமா நிக்கும், அதே குச்சி ஒவ்வொண்ணையும் நடுவுல வளைச்சுட்டு கட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடும். சாச்சுரேட்டட் ஆசிட்னா நேர் குச்சி. நடுவுல ஒரு டபுள் பாண்ட், அதாவது ரெண்டு கார்பனுக்கு நடுவுல இரட்டைப் பிணைப்பு வந்துச்சுன்னா அந்த இடத்துல வளைஞ்சிடும், பக்கத்துல இருக்கறதோட ஒட்டி நிக்க முடியாது. ஸ்டியரிக் ஆசிட், ஒலிக் ஆசிட் ரெண்டுலயும் 18 கார்பன்தான், முதலாவது உருக 69 டிகிரி வேணும், ரெண்டாவதுக்கு 13, 14 போதும், வித்தியாசம் அந்த ஒத்த டபுள் பாண்ட் மட்டும்தான்! தேங்காய் எண்ணெய்ல ஏறக்குறைய 90 சதவீதம் நேர் குச்சி, அதனால 24 டிகிரி பக்கத்துலயே உறைய ஆரம்பிச்சிடும். நல்லெண்ணெய்ல பெரும்பாலும் ஒலிக்கும் லினோலிக்கும், எல்லாம் வளைஞ்ச குச்சி, அதான் ஜனவரிலயும் ஊத்துது.

அம்மா சொன்னது பாதி கரெக்ட். டெல்லி ஜனவரில தேங்காய் எண்ணெய் உறையலைன்னா சந்தேகப்படலாம். ஆனா உறைஞ்சுதுங்கறதுக்காக சுத்தம்னு சொல்ல முடியாது, டால்டா கூடத்தான் உறையும்.

கரோல்பாக்_மாமா:
பாட்டில்ல உறையுற எண்ணெய் ரத்தக்குழாய்லயும் உறையும்னு எங்க காலனி வாட்ஸ்அப்ல வந்துச்சே, அப்போ தேங்காய் எண்ணெய்ல சமைக்கற கேரளாக்காரன் எல்லாம் என்ன ஆனான்?

லேப்கோட்டு:
மாமா, உடம்பு 37 டிகிரி, அங்க எப்படி உறையும். அதுவுமில்லாம எண்ணெய் அப்படியே ரத்தத்துக்குப் போறதில்ல, குடல்ல லைபேஸ்னு ஒரு என்சைம் வாலை வெட்டித்தான் உள்ள அனுப்பும். சாச்சுரேட்டட் கொழுப்பு எல்டிஎல்லை, அதான் கெட்ட கொலஸ்ட்ராலை, ஏத்தும்ங்கறது நிஜம், ஆனா அது வேற வழியில நடக்குறது, குழாய்ல மெழுகு படியுற கதை இல்ல.

மயூர்விஹார்காரன்:
ஈர்க்குச்சி சூப்பர், பொண்ணு நோட்டுலயே வரைஞ்சுட்டா. ஆனா இப்ப அடுத்த கேள்வி. நெய்ல சாச்சுரேட்டட் தேங்காய் எண்ணெயை விட கம்மின்னு கூகுள்ல பார்த்துட்டா. அப்புறம் ஏன் அக்டோபர்லயே நெய் கட்டியாகி தேங்காய் எண்ணெய் மட்டும் தண்ணி மாதிரி இருக்கு? மாட்டிக்கிட்டேன்.

ஆர்கேபுரம்_டீச்சர்:
நல்ல கேள்விங்க, என் கிளாஸ்ல ஒருத்தனும் கேட்டதில்ல. குச்சி நேரா இருந்தா மட்டும் பத்தாது, நீளமும் வேணும். தேங்காய் எண்ணெய்ல பாதிக்கு லாரிக் ஆசிட், 12 கார்பன்தான், குட்டைக் குச்சி. நெய்ல 16 கார்பன் பால்மிட்டிக்கும் 18 கார்பன் ஸ்டியரிக்கும் நிறைய. குச்சி நீளமா இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற பரப்பு ஜாஸ்தி, பிரிக்க சூடு ஜாஸ்தி வேணும்.

பாப்பா கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, இது சும்மா எண்ணெய் பாட்டில் கதை இல்ல. ஒவ்வொரு செல்லோட சவ்வும் இதே வால்களாலதான் ஆனது, அது கல்லாயிடுச்சுன்னா செல்லுக்குள்ள ஒண்ணும் போகாது வராது. அதான் குளிர்ந்த கடல் மீன்ல டிஹெச்ஏங்கற ஒமேகா-3 மாதிரி ஃபேட்டி ஆசிட் அவ்வளவு இருக்கு, 22 கார்பன்ல ஆறு டபுள் பாண்ட், உறையவே விடாது. அப்புறம் பரீட்சைக்கு: என்சிஇஆர்டி கணக்குப்படி லிப்பிட், அதான் கொழுப்பு வகை, மூலக்கூறு எடை 800 டால்டனுக்குள்ளதான், மேக்ரோமாலிக்யூல், அதாவது பெரிய மூலக்கூறு, கிடையாது, ஆனா திசுவை ஆசிட்ல அரைச்சா மேக்ரோமாலிக்யூல் இருக்கற கரையாத பங்குல வந்து நிக்கும், ஏன்னா உடைஞ்ச சவ்வெல்லாம் குட்டிக் குட்டிப் பையா சுருட்டிக்கும். நீட்ல அடிக்கடி மாட்டி விடுற இடம்.

மயூர்விஹார்காரன்:
ரொம்ப நன்றி டீச்சர். நேத்து ராத்திரி மூணு கிண்ணத்துல மூணையும் ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சா. காலைல நெய்யும் தேங்காய் எண்ணெயும் ஸ்பூன் இறங்கல, நல்லெண்ணெய் மட்டும் சாய்ச்சா ஓடுது. அம்மா அந்தக் கிண்ணத்தை எடுத்து இட்லிக்கு ஊத்திட்டாங்க, சில்லுனு.

கரோல்பாக்_மாமா:
அது சரி, டெல்லில நல்ல செக்கு நல்லெண்ணெய் எங்க கிடைக்குது? ஐஎன்ஏ மார்க்கெட் தவிர வேற இடம் சொல்லுங்கப்பா.