மறு: ‘நடை உறைவு’ சரியான சொல்தானா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> பார்க்கின்சன் நோயில் வரும் ஃப்ரீசிங் ஆஃப் கெய்ட் என்பதற்கு ‘நடை உறைவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, நோயால் மாறும் நடைவகைகளுக்கு நீங்கள் தந்த தமிழ்ச் சொற்பட்டியலில் இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் எங்கள் வீட்டில் நடந்தது. என் அப்பாவுக்குப் பார்க்கின்சன். பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு தமிழ்க் கேள்வித்தாள் கொடுத்தார்கள். ‘நடையில் உறைதல் ஏற்படுகிறதா?’ என்று அதில் ஒரு கேள்வி. அம்மா, அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். “சில்லென்று இல்லை, மரத்தும் போகவில்லை” என்று சொல்லி ‘இல்லை’யில் குறி போட்டார். வீடு திரும்பியதும் அப்பா வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டார். உடம்பு முன்னே போகிறது, கால் வரவில்லை. மாதக்கணக்காக இப்படித்தான் இருந்தது. கேள்வித்தாள் கேட்டது இதைத்தான் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை.

அந்தப் பதில் சிகிச்சைக்குத் தேவையான பதில். பலருக்கு இது, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் அதிகம் வரும். எப்போது வருகிறது என்று தெரிந்தால் மருத்துவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பார்.

‘பயத்தில் உறைந்து நின்றான்’ என்று எழுதுகிறோமே என்று கேட்கலாம். அங்கே மனமும் சேர்ந்து நின்றுபோகிறது. இங்கே நடக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது, கால்தான் கேட்பதில்லை. அதுவும் முதல் அடி எடுக்கும்போது, திரும்பும்போது, குறுகலான வாசலைக் கடக்கும்போது. தரையில் ஒரு கோடு போட்டு “இதைத் தாண்டுங்கள்” என்றால் அதே கால் சட்டென்று எழுந்துவிடும். தாளம் தட்டினாலும், ஒன்று இரண்டு என்று எண்ணினாலும் சிலருக்கு வழி திறக்கும். தானாக ஓடவேண்டிய நடைக்கட்டளை மூளையின் அடியில் தடுமாறும்போது, கண்ணும் காதும் வேறொரு வழியாக அதை எழுப்பிவிடுகின்றன என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அப்படியானால் என்ன சொல்? ‘நடைக்கட்டு’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ‘நடையைக் கட்டு’ என்றால் கிளம்பு என்று அர்த்தம், நேர் எதிர். ‘கால்கட்டு’ கல்யாணத்துக்குப் போய்விட்டது. ‘நடைத்தடை’ நடக்கக் கூடாது என்ற உத்தரவு போல ஒலிக்கிறது.

நோயாளிகள் சொல்வது ‘கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி’ என்று. அதனால் ‘ஒட்டுநடை’ வைக்கலாம்தான். ஆனால் அதை வேறொன்றுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். மூளையின் உள்ளறைகளில் நீர் பெருகும் ஒரு நோயை ஹக்கீம், ஆடம்ஸ் என்ற மருத்துவர்கள் 1965இல் விவரித்தார்கள். அதில் மறதியும் சிறுநீர்க் கட்டுப்பாடின்மையும் வரும், பாதம் தரையை விட்டு எழாமல் இழுபடும். விட்டுவிட்டு வருவதில்லை, நடையே அப்படித்தான். முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொல்வார்கள். நடை தெளிந்தால், குழாய் வைத்து நீரை வயிற்றுக்குள் வடியவிடும் அறுவை பலன் தர வாய்ப்பு அதிகம். இவ்வளவு வேறுபட்ட சிகிச்சை உள்ள இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

என் பரிந்துரை ‘நடைமறிப்பு’. வழிமறிப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். போகிறவர் போகத்தான் நினைக்கிறார், ஏதோ குறுக்கே வந்து மறிக்கிறது, அப்புறம் விட்டுவிடுகிறது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “ஆமாம், வாசலில் வருமே, அதுதானே?” என்றார்.

மற்ற நடைவகைகளுக்கு நம் பேச்சிலேயே சொல் கிடக்கிறது, வினைத்தொகையாக்கினால் போதும். வலிக்கிற காலில் பாரம் போடாமல் ‘தாங்கித் தாங்கி’ நடப்பது தாங்குநடை. பக்கவாதத்துக்குப் பின் விறைத்த காலை வெளிப்பக்கமாக வளைத்து வீசிப் போடுவது வீசுநடை. உடல் முன்சாய்ந்து, குட்டி அடிகள் வேகமெடுத்து ஓட்டமாக மாறுவதை ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817லேயே எழுதியிருக்கிறார், அதற்கு முந்துநடை. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போனவர், விரல் தட்டாமலிருக்கக் காலை உயரத் தூக்கி வைப்பார். அது தூக்குநடை. ‘தூக்கு’ என்றால் வேறு நினைவு வரும் என்று தோன்றினால் மாற்றிக்கொள்வோம்.

உடல் அசைவின் ஒருங்கிணைப்பு குலையும் அட்டாக்சியாவுக்கு நீங்கள் தந்த ‘தள்ளாட்டம்’ பொருளில் சரி. கால்களை அகட்டி, அடி சீரில்லாமல் நடப்பதை அது காட்டுகிறது. ஆனால் சிறுமூளை பாதித்தவர்களைக் குடித்திருக்கிறார்கள் என்று தெருவில் தவறாக நினைக்கிறார்கள். அந்த வலிக்கு நம் சொல்லும் துணைபோக வேண்டாம். ‘தடுமாறுநடை’ என்று வைக்கலாமா? இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.