செர்மாட்டில் பனிச்சறுக்குக்கு முன் எப்படி வாழ்ந்தார்கள்?

குலசேகரத்திலிருந்து கேள்வி:
என் தம்பி சுவிட்சர்லாந்தில் செர்மாட் கிராமத்து ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்கிறான். அவன் அனுப்பும் படங்களில் எங்கும் பனிதான். ரப்பர் பால் வெட்டியே எங்களை வளர்த்த அம்மா, "சுற்றுலாக்காரர்கள் வருமுன் அங்கே என்ன தின்று பிழைத்தார்கள்?" என்று தினமும் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து பதில்:
தங்கச்சி, அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. ஆடு, மாடு, கம்புபோல் கடினமான ரை தானியம், அதுதான் வாழ்வு. பழைய களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. மரக்கால்களின் மேல் வட்டக் கல் வைத்து, அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். எலி ஏறவே முடியாது! எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்கு அப்படியொரு யோசனை வாய்க்கவில்லையே என்று ஏங்கினேன்.

1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்ப்பர் உட்பட ஏழு பேர், செர்மாட்டுக்கு மேலே நிற்கும் 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் மலையின் உச்சியை முதன்முதலில் தொட்டார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். அந்தத் துயரம்தான் ஊரை உலகறியச் செய்தது. 1891இல் ரயில் வந்தது. 1898இல் கோர்னர்கிராட் மலைக்கு மின்ரயில். பனிச்சறுக்குக் கூட்டம் பிறகுதான்.

குளச்சலிலிருந்து பதில்:
அந்த நால்வரில் பிரான்சிஸ் டக்ளஸ் என்ற இளைஞரின் உடல் கிடைக்கவே இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றும் ஊர் எங்களுடையது. படித்தபோது நெஞ்சு கனத்தது. அங்கே மலையேறிகளின் கல்லறைகள் உண்டு. தம்பியை ஒருமுறை போய் நிற்கச் சொல்லுங்கள், அக்கா.

குலசேகரத்திலிருந்து:
இன்றிரவே சொல்கிறேன். அம்மா அந்தக் களஞ்சியத்தின் படத்தைத்தான் முதலில் கேட்கிறார்.