தம்பிக்குப் பிறவி நிறக்குருடு, அப்பாவுக்கு இப்போது சிவப்பு மங்குகிறது: இரண்டும் ஒன்றா?

கேள்வி (தங்கச்சிமடம்):
தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே சிவப்பு, பச்சை பிடிபடாது. கப்பல் வேலைக்கான கண் சோதனையில் புள்ளிப் புத்தகத்தைக் காட்டிக் கழித்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காசநோய்க்கு 3 மாதமாக மாத்திரை போடுகிறார். 2 வாரமாக வல்லத்துக் (நாட்டுப் படகு) கொடியின் சிவப்பு வெளிறித் தெரிகிறதாம், பேப்பர் எழுத்தும் மங்கலாம். தம்பிக்கு அப்பாவிடமிருந்துதான் வந்ததா? அவனுக்கும் பின்னால் பார்வை போகுமா?

பதில் 1 (கண் பரிசோதகர், ராமநாதபுரம்):
தம்பி காத்திருக்கலாம், அப்பா காத்திருக்கக் கூடாது. காசநோய் மாத்திரையில் உள்ள எதாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. சிவப்பு வெளிறுவது அதன் முன்னறிகுறிகளில் ஒன்று. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடம்பில் தேங்கும். இன்றே மாத்திரை அட்டையோடு காசநோய்ப் பிரிவுக்குப் போங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தச் சோதனை), ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகப் பார்வை அளவு, நிறச் சோதனை, பார்வைப் புலச் சோதனை (நேரே பார்க்கையில் சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பது) நான்கும் கேளுங்கள். டாக்டர் எதாம்பியூட்டாலைச் சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் மெல்லத் திரும்பும், தாமதித்தால் நிரந்தரமாகலாம். சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும்போது பெரும்பாலும் நீலம், மஞ்சள்தான் முதலில் குழம்பும். ஆனாலும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2 (உயிரியல் ஆசிரியர், பரமக்குடி):
தம்பிக்கு அப்பாவிடமிருந்து வந்திருக்க வழியில்லை. சிவப்பு, பச்சை உணர்வுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. மகனுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும், அப்பா கொடுப்பது ஒய். தாய்மாமனையும் அம்மாவின் அப்பாவையும் விசாரியுங்கள். நாளை தம்பிக்குப் பெண் பிறந்தால் அவள் அந்த மரபணுவைச் சுமப்பாள். பிறவிக் குறை இரண்டு கண்ணிலும் ஒரே அளவில், ஆயுள் முழுக்க அப்படியே நிற்கும். அதனால் பார்வை போகாது. கைக்குழந்தையிலிருந்தே வெளிச்சம் கூசி, கண் ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் அது வேறு. விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் வேலை செய்யாத நிலையாக இருக்கலாம். இன்னொன்று: தம்பிக்குக் காட்டியது போன்ற இஷிஹாரா புள்ளிப் புத்தகம் நீல, மஞ்சள் குறையைக் காட்டாது. அதில் தேறியதை வைத்துக் கண் நோய் இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

பதில் 3 (விசைப்படகு ஓட்டுநர், மண்டபம்):
தம்பி ராத்திரியில் தனியாகச் சுக்கான் பிடிக்க வேண்டாம். படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இழுவலை போடும் படகு வெள்ளைக்கு மேல் பச்சை காட்டும். மற்ற வலைக்காரர் வெள்ளைக்கு மேல் சிவப்பு. இரண்டிலும் விளக்கு நிற்கும் இடம் ஒன்றே, நிறம்தான் வேறு. எதிரே வருவது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் அதன் பக்க விளக்குகளின் நிறத்தில்தான் தெரியும். வண்ணக் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம் என்பதை நம்பாதீர்கள். பகலில் மிதவையை வடிவத்தால் அறியலாம்: துறைமுகத்துக்குள் நுழைகையில் இடப்பக்கம் சிவப்பு உருளை, வலப்பக்கம் பச்சைக் கூம்பு.

கேள்வி (தங்கச்சிமடம்):
நன்றி. டாக்டரைப் பார்க்கும் வரை அப்பா மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

பதில் 1:
கூடாது. அப்பா இருக்கும் இந்தச் சிகிச்சைக் கட்டத்து மாத்திரை ஒவ்வொன்றிலும் காசநோய் மருந்துகளான ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, எதாம்பியூட்டால் 275 மில்லிகிராம் சேர்ந்தே இருக்கும். பாதி போட்டால் மற்ற இரண்டும் குறைந்து, கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். எதாம்பியூட்டாலை மட்டும் நீக்கி மற்றவற்றைத் தனித்தனியாகத் தருவது டாக்டர் செய்ய வேண்டியது.