அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனது உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

போளூர் மருமகள்:

தீபாவளி நெருங்கினாலே எனக்கு இது ஞாபகம் வந்துவிடும். சமைக்கப் பிடித்தவர்கள்தான் இங்கே இருக்கிறீர்கள், உங்களிடம் சொன்னால் புரியும்.

கல்யாணமாகி முதல் கேதார கௌரி நோன்பு. எங்கள் பக்கம் நோன்பு என்றால் அதிரசம், அதுவும் எண்ணி 21. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், 21 இழைக் கயிறு எல்லாம் கடையில் வாங்கிவிடலாம். அதிரசம் மட்டும் குளித்துவிட்டு வீட்டில்தான் சுட வேண்டும். அந்த வருடம் அத்தைக்கு இடது கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. "நீயே பண்ணிடும்மா" என்றார்கள். எட்டு வயதிலேயே தோசை வார்த்தவள் நான். பதினைந்து வயதில் இருபது பேருக்குச் சாம்பார் வைத்திருக்கிறேன். அடுப்படியில் நின்றால்தான் எனக்கு மனசு நிறையும். ஆனால் அம்மா வீட்டில் இந்த நோன்பு கிடையாது, அதிரசம் சுட்டதே இல்லை.

முந்தின நாளே மாவு கிளறி நெய் தடவி மூடி வைத்தேன். காலையில் வாழையிலையில் தட்டி எண்ணெயில் விட்டேன். அடியில் போனது மேலே வந்தது, உப்பியது, ஓரமெல்லாம் நுரைத்தது, அப்புறம் கண்ணெதிரிலேயே பொடிப்பொடியாகப் பிரிந்து எண்ணெய் முழுக்கப் பரவிவிட்டது. ஜல்லிக்கரண்டியால் அரித்து அரித்து எடுத்தேன். மாவில் கொஞ்சம் அரிசி மாவு பிசைந்து போட்டதில் ஒருவழியாக 16 தேறியது. மாவு தீர்ந்துவிட்டது. பூஜைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. கொழுந்தனாரைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சைக்கிளில் கடைக்கு அனுப்பி ஐந்து அதிரசம் வாங்கிவரச் சொன்னேன். தட்டில் அதை அடியில் வைத்து என்னுடையதை மேலே அடுக்கினேன்.

கடை அதிரசத்துக்கு நடுவில் ஓட்டை இருந்தது. என்னுடையதற்கு இல்லை.

பூஜை முடிந்து கயிறு கட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக்கு, நாத்தனார் வீட்டுக்கு என்று அத்தை பங்கு வைத்தார்கள். மேலே இருந்த 16-ம் அப்படியே போயிற்று. அடியில் இருந்த ஐந்தையும் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒன்றை எடுத்து, நடுவிலிருந்த ஓட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அத்தை போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சமையல்காரர் மகன்:

அக்கா, தப்பு உங்கள் அரிசியில் நடந்திருக்கிறது. பாக்கெட் மாவா, கடையில் காய்ந்த அரிசியை அரைத்த மாவா? அதில் அதிரசம் வரவே வராது. நான் சொல்கிறபடி ஒருமுறை செய்து பாருங்கள்.

கடையில் மாவுப் பச்சரிசி என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயில் படவே கூடாது. அரிசியைத் தொட்டால் கையில் ஒட்டணும், தண்ணீர் ஒட்டக்கூடாது, அந்த நேரத்தில் அள்ளிவிட வேண்டும். மிஷினில் மிளகாய்த்தூளோ தனியாவோ அரைத்த கையோடு போட்டால் அந்த வாசனை கடைசிவரை போகாது. தீபாவளிக்கு முந்தின வாரம் பல ஊர்களில் ஈர மாவுக்கென்றே தனியாக மிஷின் ஓட்டுவார்கள், அன்றைக்குப் போங்கள். அரைத்த மாவைக் கைப்பிடியாகப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். சலித்த கையோடு பாகு காய்ச்சிவிட வேண்டும். மாவு காய்ந்துபோனால் பாகைப் பிடிக்காது, பிடிக்காத மாவுதான் எண்ணெயில் பிரிகிறது. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. பாகை இறக்கிவிட்டு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறணும், மொத்தமாகக் கொட்டவே கூடாது. இரண்டு கைப்பிடி மாவைக் கடைசிவரை தனியாக எடுத்து வைத்திருங்கள். கிளறி முடித்ததும் தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, இளக்கமாகத்தான் இருக்கும். பயந்துபோய் இன்னும் மாவு போட்டால் மறுநாள் கல். இளக்கமாக விட்டால் மறுநாள் தானாகவே இறுகும். மூன்று நாள் விட்டுச் சுட்டால் ருசியே வேறு.

எனக்கும் ஒன்று உண்டு. அப்பா கல்யாணச் சமையல்காரர். தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீடு, எனக்கு 12 வயது. பெரிய அண்டாவில் பாகு கொதிக்கிறது. அப்பா தண்ணீரில் விரலை நனைத்து, கொதிக்கிற பாகில் விட்டு எடுத்து, கிண்ணத் தண்ணீரில் உதறி உருட்டினார். அந்த உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. "அமுக்கிப் பாரு. தக்காளிப்பழம் மாதிரி இருக்கா?" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அதுதான் பதம். ஆனால் "தெரியலப்பா" என்றேன். தெரியும் என்றால் மறுநாளிலிருந்து படிப்பை நிறுத்தி வேலைக்குக் கூட்டிப் போய்விடுவாரோ என்று பயம். அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு கிளறப் போய்விட்டார்.

மியூனிக்கில் ஒரு கோவைக்காரன்:

சமையல்காரர் மகன் அண்ணா, மாவு விஷயத்தில் நீங்கள் சொன்னதெல்லாம் சரி. பாகைக் கையால் பார்ப்பது என்பதைத்தான் ஏற்க மாட்டேன். அப்பா பக்கத்தில் நின்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், உங்களுக்குத் தெரிந்தது. எனக்குக் காட்ட இங்கே யாரும் இல்லை.

2016 தீபாவளி. முதல் தடவை பிரிந்தது, இரண்டாவது தடவையும் பிரிந்தது. மூன்றாவது தடவை அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பாகு காய்ச்சினேன். அம்மா "இன்னும் பக்கத்துல காட்டு, இன்னும் பக்கத்துல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரையில் என்ன தெரியும்? கடைசியில், "சரி கண்ணு, அந்த உருண்டையத் தட்டுல போடு, போனத் தட்டுகிட்ட வையி" என்றார். போட்டேன். டங் என்று சத்தம் வந்தது. அந்தப் பக்கம் அம்மா பெருமூச்சு விட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "போச்சு. அது கடல உருண்டப் பாகு. அதிரசத்துக்குச் சத்தமே வரக்கூடாது." ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காதால் பதம் பார்த்தார்.

மறுவாரமே தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். தண்ணீரில் உருட்டினால் மெத்தென்று வரும் பதம் 112-லிருந்து 116 டிகிரி செல்சியஸுக்குள் வரும். நான் 113-ல் அடுப்பை அணைக்கிறேன். பாத்திரத்தின் சூட்டிலேயே ஒரு டிகிரி ஏறும், அதற்கும் கணக்கு வைக்க வேண்டும். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, தொட்டால் பொய் காட்டும். அதன்பின் ஒரு வருடம்கூடப் பிரியவில்லை. அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். பழத்தை மட்டும் சொன்னால் பக்கத்தில் ஆள் இல்லாதவர் எப்படித்தான் கற்றுக்கொள்வது?

சேலத்தம்மா:

தம்பி, உன் தெர்மாமீட்டருக்குச் சர்க்கரை தெரியும், வெல்லம் தெரியாது. வெல்லம் ஒரு மண்டிக்கு ஒரு மாதிரி இருக்கும். வெள்ளைவெளேரென்று வருகிறதே, அது நிறத்துக்காக மருந்து போட்டது, சில சமயம் உப்புக் கரிக்கும். பழைய வெல்லம் கசிந்து ஒழுகி இருக்கும், அதை எத்தனை டிகிரிக்குக் காய்ச்சினாலும் உருண்டை நிற்காமல் வழியும். கடையில் பாகு வெல்லம் என்று கேள். கறுப்பாக, உடைத்தால் உள்ளே பளபளவென்று இருக்கும். கொஞ்சம் வாயில் போட்டுப் பார், உப்பும் புளிப்பும் இல்லாமல் இருந்தால் வாங்கு. தூளாக்கிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டு. கரும்புச் சக்கையும் மண்ணும் கிடக்கும்.

அப்புறம் அந்தப் போளூர்ப் பெண்ணுக்கு ஒன்று. தட்டும்போது இலையில் எண்ணெய் தடவுகிறேன் என்று அள்ளி ஊற்றாதே. தீ மிதமாக இருக்கட்டும். ஒன்று போட்டு எடுத்துவிட்டுத்தான் அடுத்தது. கருப்பாவதற்கு முன்னாடியே எடுத்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அமுக்கினால் எண்ணெய் வடியும். மாவு இறுகிப்போனால் வெதுவெதுப்பான பாலை ஒரு ஸ்பூன் தெளித்துப் பிசை, அதற்கு மேல் வேண்டாம்.

எனக்கு 71 வயது. அறுபது வருடமாகச் சுடுகிறேன், போன வருடம்கூட இரண்டு பிரிந்தது.

வலிகாமம், இப்போது ரொறன்ரோ:

நாங்கள் இதை அரியதரம் என்று சொல்லுவோம். அம்மா சீனிப்பாகில்தான் செய்வா. கல்யாணத்துக்குப் பலகாரச் சூடு என்று ஒரு நாள் வைத்து, சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் வந்து சுற்றியிருந்து சுடுவார்கள். அரியதரம் இல்லாமல் எங்கட கல்யாணப் பலகாரம் இல்லை.

1995 ஒக்ரோபர் 30. என்ன நாள் என்று எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: சண்டை நெருங்கி, யாழ்ப்பாணம் வலிகாமத்துச் சனம் எல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். அக்காவுக்கு அடுத்த கிழமை கல்யாணம். மாவைப் பாகில் குழைத்து ஒரு பெரிய சட்டியில் மூடி வைத்திருந்தது. பின்னேரம் ஒலிபெருக்கியில் வெளிக்கிடச் சொன்னார்கள். அப்பா காணி உறுதியையும் கொஞ்ச உடுப்பையும் எடுத்தார். அம்மா சட்டியை எடுத்தா. அப்பாவுக்குக் கோபம் வந்து, "உதையேன் காவுறாய்?" என்று கத்தினார். அம்மா பேசேல்லை. சைக்கிள் கரியரில் சட்டியை வைத்து, தன்ர சீலைத் துண்டால் கட்டினா. நாவற்குழிப் பாலத்தில் நகர இடமில்லை. மழை. அந்தச் சனத்துக்குள்ளே அம்மா ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மற்றக் கையைச் சட்டி மூடியின் மேலேயே வைத்துக்கொண்டு வந்தா.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மூன்றாம் நாள் யாரோ எண்ணெய் கொஞ்சம் தந்தார்கள். மூன்று கல் வைத்து, அம்மா சட்டியைத் திறந்தா. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. மாவு நல்ல பதமாக இறுகியிருந்தது. வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றதுகள். ஒன்றுகூடப் பிரியேல்லை.

அக்காவின் கல்யாணம் அடுத்த வருடம்தான் நடந்தது. அதற்கு அம்மா புதிதாக மாவு குழைத்தா, எல்லாரும் நல்லது என்றார்கள். ஆனால் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்து அரியதரத்தின் ருசி வரவில்லை. நானும் இங்கே வருடம்தோறும் சுடுகிறேன், வரவில்லை.

ஓசூர்க்காரி:

இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. அரிசெலு என்போம், சங்கராந்திக்குச் சுடுவோம், மேலே எள் ஒற்றுவோம். மாமியார் வீட்டில் அதிரசம் என்கிறார்கள், எள் கிடையாது. கல்யாணமான புதிதில் எள்ளோடு சுட்டேன், மாமா ஒரு கடி கடித்துவிட்டு "எள்ளு எதுக்கும்மா, திதிக்கா?" என்றார். அன்றைக்கு நான் தனியாக அழுதேன். 14 வருடம் ஆயிற்று. இப்போது நான் அரைக்கு அரை சுடுகிறேன், பாதிக்கு எள், பாதிக்கு இல்லாமல். மாமா எள் போட்டதைத்தான் முதலில் எடுக்கிறார். அன்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சமையல்காரர் மகன்:

கோவைத் தம்பி, உங்கள் அம்மா தட்டுச் சத்தத்தை வைத்துச் சொன்னார் பாருங்கள், அதற்கு எந்த மீட்டரும் ஈடில்லை. நீங்களே எழுதிவிட்டு நீங்களே அதை மறுக்கிறீர்கள். 113 என்பது உங்கள் ஊர் வெல்லத்துக்கு, உங்கள் பாத்திரத்துக்குச் சரி. அண்டாவில் 20 கிலோ காய்ச்சும்போது நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு. கிளறக் கிளறத்தான் பதம் தெரியும். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாதவர் எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு ஆள் இருந்தார், நான்தான் தெரியாது என்றேன்.

போளூர் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஆமாம், பாக்கெட் மாவுதான். அத்தை ஈர மாவு என்று சொன்னார்கள், மழையில் எங்கே உலர்த்துவது என்று நான்தான் கடையில் வாங்கினேன். அதையும் அவர்களிடம் சொல்லவில்லை.

இங்கே எழுதியதை நேற்றுக் கொழுந்தனாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணி, நான் கடையிலேருந்து வரும்போதே அம்மா வாசல்ல நின்னாங்க. பொட்டலத்த வாங்கிப் பிரிச்சு, கடைப் பேரு போட்ட பேப்பர மட்டும் எடுத்துத் தண்ணி அடுப்புல போட்டுட்டாங்க. அதிரசத்த எங்கிட்டயே கொடுத்து, அண்ணி கேட்டா நான் பாக்கலன்னு சொல்லுன்னாங்க" என்றார். இத்தனை வருடம் அவரும் வாயைத் திறக்கவில்லை.

பாகு வெல்லம் ஒரு கிலோ வாங்கியாயிற்று. அரிசி ஊறுகிறது, வெளியே தூறலாக இருப்பதால் கூடத்தில் வேட்டியை விரித்து ஃபேனில்தான் உலர்த்தப் போகிறேன். மிஷின்காரர் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். தெர்மாமீட்டர் வாங்கவில்லை, கோவைத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். தட்டை அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.