நாலரைக் கட்டையும் ஒன்பதாவது ஃப்ரெட்டும்: தானாகக் கிட்டார் பழகியவனுக்குத் தியரி வேண்டுமா?

வியாசை ஆறுகம்பி:
எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். வாத்தியார் கிடையாது. யூடியூப், அப்புறம் வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி, அவ்வளவுதான். கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்; ஓப்பன் கார்டு எல்லாம் வரும், பார் கார்டு முக்கி முனகி வரும். ஒரு பாட்டை நாலு தடவை கேட்டால் கார்டு பிடித்துவிடுவேன். தியரி என்று ஒன்று இருப்பது தெரியும், அது இல்லாமலேயே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஆடித் திருவிழாவுக்குப் பக்கத்துத் தெருவில் கானாக் கச்சேரி. கிட்டார்காரர் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டு தெரிந்த பாட்டுதான்: ஏ மைனர், எஃப், ஜி. மேடை ஏறியதும் பாடகர் அண்ணன் திரும்பி, "தம்பி, நாலரைக் கட்டை" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீபோர்டு அண்ணன் ஒரு பட்டனை அமுக்கினார், அவர் வேலை முடிந்தது. நான் கேப்போவை (எல்லாக் கம்பியையும் அமுக்கிச் சுருதியை ஏற்றுகிற கிளிப்) ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கழுத்தில் இருக்கிற கட்டம்) நகர்த்தி, காதை வைத்துத் தேடித் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் ஒன்பதாவது ஃப்ரெட். அங்கே ஏ மைனர் பிடிக்க மூன்று விரலுக்கு இடமே இல்லை. சத்தம் மாண்டலின் மாதிரி வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் என் கையைப் பார்த்துச் சிரித்தான். அது இன்னும் போகவில்லை.

இடைவேளையில் கீபோர்டு அண்ணன் வந்து, "இ மைனர், சி, டி பிடி. கேப்போவை ரெண்டில் போடு" என்றார். போட்டேன். அதே பாட்டு, அதே சுருதி, கிட்டார் முழுசாகப் பேசியது. எப்படி என்று கேட்டதற்கு, "தியரி படிடா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்காக உட்கார்ந்து தியரி படிக்கணுமா? படித்தால் கையில் இருக்கிற ஃபீல் போய்விடும் என்று கூட்டாளிகள் இரண்டு பேர் பயமுறுத்துகிறார்கள்.

காதே துணை:
தம்பி, அந்தப் பொடியன் சிரித்ததை நினைத்துக்கொண்டிருக்கிறாய். மைக்கும் ஸ்பீக்கரும் அலறுகிற மேடையில், ஒருத்தர் உதவியும் இல்லாமல் சரியான சுருதியைக் காதாலேயே பிடித்தாயே, அதை ஏன் விட்டுவிட்டாய்? புத்தகம் படித்தவன் எத்தனை பேருக்கு அது வரும்?

ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு நோட்டேஷன் படிக்க வராது. பால் மெக்கார்ட்னிக்கும் வராது. ஜாஸ் கிட்டாரில் வெஸ் மான்ட்காமரியைத் தாண்டி யாரைச் சொல்வீர்கள்? அவருக்கும் வராது. அவ்வளவு தூரம் எதற்கு, சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா பாடுகிற அண்ணன்கள் எந்தப் பேப்பரைப் பார்த்துப் பாடுகிறார்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் ஒரு கிளாஸில் சேர்ந்தேன். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். இரண்டு வருடம் கிரேடு புத்தகம்தான். சினிமாப் பாட்டு வாசித்தால் "அதெல்லாம் இங்கே கூடாது" என்பார். ஒருநாள் கல்யாண வீட்டில் கிட்டாரைக் கையில் கொடுத்தார்கள். பேப்பர் இல்லாமல் கை ஓடவே இல்லை. சேருவதற்கு முன்பு அதே கல்யாண வீடுகளில் ராத்திரி முழுக்க வாசித்தவன் நான். திரும்ப வாசிக்க வருவதற்கு ஒரு வருடம் ஆனது.

ஆல்டோ அக்கா:
அண்ணே, உங்கள் வாத்தியார் மேல் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அது வாத்தியார் கோளாறு.

நோட்டேஷன் படிக்கத் தெரியாததும் தியரி தெரியாததும் ஒன்றில்லை. ராயபுரத்தில் நான் பாடுகிற கொயரில் பெரியவர்கள் பாதிப் பேருக்கு ஐந்து கோட்டு நோட்டேஷன் தெரியாது. டோனிக் சோல்ஃபாவில்தான் படிப்பார்கள். டோ, ரே, மி என்று எழுத்தாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு நாலு பார்ட்டும் பிசகாமல் நிற்கும். அவர்களுக்குத் தியரி தெரியாது என்பீர்களா?

மெக்கார்ட்னி கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில், லிவர்பூலில் இன்னொரு பக்கம் இருந்த ஒருவருக்கு பி செவன் கார்டு தெரியும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கார்டுக்காகப் பஸ் ஏறினவரைத் தியரி வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவது நியாயமா?

கைத்தாளம்:
நான் டோலக் ஆள், கார்டு சண்டையில் எனக்கு வேலை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். "நாலரைக் கட்டை" என்று பாடகர் சொன்னாரே, அது என்ன? அதுவே தியரிதானே?

தம்பிக்காகச் சொல்கிறேன். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொள். சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டைகள் எல்லாம் அரை. சி ஷார்ப் ஒன்றரை, எஃப் ஷார்ப் நாலரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பே கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று எவனாவது கேட்டால் உன்னைக் கலாய்க்கிறான் என்று அர்த்தம். என்னை முதல் கச்சேரியில் அப்படித்தான் ஓட்டினார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஐந்திலிருந்து ஒரு கட்டை இறக்கச் சொன்னால் கிட்டாரில் இரண்டு ஃப்ரெட். நாலிலிருந்து ஒரு கட்டை இறக்கச் சொன்னால் ஒரே ஃப்ரெட். இது தெரியாமல் நல்ல நல்ல கிட்டார்காரர்கள் மேடையில் மாட்டிக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

காதே துணை:
அதை யாரும் கிளாஸில் சொல்லித்தரவில்லையே! மேடையில், ஆர்மோனியப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. நான் சொல்வதும் அதுதான். பழக்கத்தில் வருவதற்குத் தியரி என்று பெயர் வைத்து, அதற்கு மாதச் சம்பளமும் வாங்குகிறார்கள்.

ஆல்டோ அக்கா:
சம்பளம் கேட்காமலே சொல்கிறேன், தம்பி கேட்ட "எப்படி"க்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

சி மேஜர் ஸ்கேலை எடுத்துக்கொள்: சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போடு. ஏ ஆறாவது, எஃப் நாலாவது, ஜி ஐந்தாவது. அதாவது உன் பாட்டு 6, 4, 5. இப்போது ஜி மேஜர்: ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப். ஆறாவது இ, நாலாவது சி, ஐந்தாவது டி. இ மைனர், சி, டி. அதே 6, 4, 5! கீபோர்டு அண்ணன் டீ குடிக்கப் போகாமல் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

பாடகர் கேட்டது எஃப் ஷார்ப் மைனர். ஏ மைனர் வடிவத்திலிருந்து அங்கே ஏற ஒன்பது ஃப்ரெட். இ மைனர் வடிவத்திலிருந்து இரண்டே ஃப்ரெட். உன் காது சரியான ஊருக்குத்தான் கூட்டிப்போனது, ஆனால் மணலி வழியாகச் சுற்றிக்கொண்டு போனது.

ஸ்கேல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். எந்த ஸ்வரத்தில் ஆரம்பித்தாலும் ஒரே கம்பியில் 2, 2, 1, 2, 2, 2, 1 என்று ஃப்ரெட் தாண்டிப் போ. மேஜர் ஸ்கேல் வந்துவிடும், பன்னிரண்டு ஃப்ரெட் தள்ளி அதே ஸ்வரத்தில் வந்து நிற்பாய். அதில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை எடுத்தால் கார்டு: சி, இ, ஜி. தினமும் பத்து நிமிடம், ஒரு மாதம் போதும். இதில் எந்த ஃபீல் போகும் என்று உன் கூட்டாளிகளைக் கேட்டுச் சொல்.

இருபத்தொன்பது:
பெரம்பூரிலிருந்து ஒரு கர்நாடக சங்கீதக் குறிப்பு. அக்கா சொன்ன 2, 2, 1, 2, 2, 2, 1தான் நம் சங்கராபரணம், 29வது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம். மேஜர் ஸ்கேல் என்று மிரளத் தேவையில்லை, ச ரி க ம என்றே பாடிக்கொண்டு வாசிக்கலாம். ச எங்கே வேண்டுமானாலும் உட்காரும் என்பதால் கட்டை மாற்றுவதும் சுலபமாகப் புரியும்.

காதே துணை:
சங்கராபரணத்தை ஃப்ரெட் எண்ணி வாசித்தால் அது சங்கராபரணம் ஆகிவிடுமா? ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகம் எங்கே?

இருபத்தொன்பது:
ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். படிக்கட்டுக்கு மட்டும்தான் சொன்னேன்.

காதே துணை:
சரி அக்கா (வயதில் நீங்கள் தங்கச்சியாகவும் இருக்கலாம், பெயரில் இருப்பதால் கூப்பிடுகிறேன்), உங்கள் ஃபார்முலாவையே எடுத்துக்கொள்கிறேன். சி மேஜரில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் மூன்றாவது கார்டு இ மைனர். இ, ஜி, பி. சரியா? அப்படியென்றால் ஏ மைனர் பாட்டில் இ மைனர்தான் வரணும். ஆனால் எத்தனை பாட்டில், திரும்ப ஏ மைனருக்கு வருவதற்கு முன்னால் கை தானாக இ மேஜருக்குப் போகிறது! ஃபார்முலாவைக் கேட்டு இ மைனர் போட்டுப் பாருங்கள், உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்கும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? காது ஜெயித்ததா, ஃபார்முலா ஜெயித்ததா?

இருபத்தொன்பது:
அடடா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் ஒரே ஸ்வரம். இ மைனரில் ஜி, இ மேஜரில் ஜி ஷார்ப். ஏ-வை ச என்று வைத்தால், ஜி கைசிகி நிஷாதம், ச-வுக்கு இரண்டு ஃப்ரெட் கீழே. ஜி ஷார்ப் காகலி நிஷாதம், ஒரே ஃப்ரெட் கீழே. வாசற்படியில் வந்து நிற்கிற ஸ்வரம் அது, உள்ளே போகாமல் இருக்க முடியாது. கைசிகி நி இருந்தால் நடபைரவி, 20வது மேளம். காகலி நி இருந்தால் கீரவாணி, 21வது. மற்ற ஸ்வரங்களில் மாற்றமே இல்லை. மேற்கத்தியர்கள் கீரவாணிக்கு ஹார்மோனிக் மைனர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இ மேஜர் அதிலிருந்து வருகிறது.

ஆல்டோ அக்கா:
அதேதான். அண்ணே, தெரியாமலேயே நடபைரவியிலிருந்து கீரவாணிக்குத் தாவிக்கொண்டிருந்திருக்கிறீர்கள், அதற்குக் கைதட்டு. ஆனால் இ மேஜர் வரும்போது ஒரு லீடு, அதாவது தனி மெட்டு, வாசிக்கச் சொன்னால் ஜி-யைத் தொடுவீர்களா, ஜி ஷார்ப்பையா?

காதே துணை:
...இரண்டையும் தொட்டு, நன்றாக இருப்பதை வைத்துக்கொள்வேன்.

ஆல்டோ அக்கா:
ஒலிப்பதிவு என்றால் இன்னொரு டேக் போகலாம். மேடையில்?

காதே துணை:
மேடையில் இழுத்துச் சமாளிப்பேன். அதற்குத்தானே கம்பியை வளைக்க முடிகிறது!

இளையராஜாவை இன்னும் யாரும் இழுக்கவில்லை, நானே இழுக்கிறேன். அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராக வருடக்கணக்கில் வாசித்துவிட்டுத்தான் சென்னை வந்தார். பாட்டு முதலில், படிப்பு அப்புறம். அந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன்.

ஆல்டோ அக்கா:
வந்தவர் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை படித்தாரே! கிளாசிக்கல் கிட்டாருக்கு லண்டன் டிரினிட்டி காலேஜில் தங்கப் பதக்கமும் வாங்கினார். வாசிக்கத் தெரிந்தவர் ஏன் போய் உட்கார்ந்தார்? வரிசையில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. தம்பி ஆறு வருடம் வாசித்தாயிற்று. இப்போது படிக்காமல் எப்போது?

கைத்தாளம்:
கானாவுக்குக் கிட்டார் ஒத்துவராது என்று சொன்ன காலமும் இருந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை போட்டபோது, கானா, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில் நின்றது. அங்கே எல்லோரும் ஒரே கட்டையில் நிற்காவிட்டால் சந்தைக்கடைதான். யார் எந்தப் பாஷையில் கட்டையைச் சொன்னாலும் புரியணும், எனக்குத் தெரிந்த தியரி அவ்வளவுதான்.

வியாசை ஆறுகம்பி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

அக்கா சொன்ன பத்து நிமிடத்தை ராத்திரி சாப்பிட்ட பிறகு வைத்துக்கொண்டேன். முதல் வாரம் கொடுமை, எண்ணிக்கொண்டே வாசித்ததில் எல்லாப் பாட்டும் வாய்ப்பாடு மாதிரி இருந்தது. காதே துணை அண்ணன் சொன்னது நடக்கிறதோ என்று பயந்தேன். அப்புறம் கைத்தாளம் அண்ணன் கணக்கை வைத்து ஒரு வேலை செய்தேன். கழுத்தின் மேல் விளிம்பில், நான் குனிந்தால் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வெள்ளை டேப் ஒட்டி ஆறாவது கம்பியின் கட்டைகளை எழுதினேன். திறந்த கம்பி 3, முதல் ஃப்ரெட் 4, இரண்டாவது நாலரை, மூன்றாவது 5, ஐந்தாவது 6, ஏழாவது 7, எட்டாவது 1, பத்தாவது 2. இ மைனர் வடிவத்துக்கு, பாடகர் எந்தக் கட்டை சொன்னாலும் அந்த எண்ணில் கேப்போ.

நேற்று ரிகர்சல். அதே பாடகர், அதே நாலரை. போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரி பாடிவிட்டு, "தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கு" என்றார். கேப்போவை இரண்டிலிருந்து ஒன்றுக்கு இழுத்து இ மைனரைத் தட்டினேன். கீபோர்டு அண்ணன் இன்னும் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆல்டோ அக்கா:
டீ வாங்கிக் கொடுத்தாரா?

வியாசை ஆறுகம்பி:
நான்தான் வாங்கிக் கொடுத்தேன் அக்கா.

காதே துணை:
சந்தோஷம் தம்பி. ஒன்று மட்டும் கேட்கிறேன். கேப்போவை இழுத்து மாட்டினால் மூணாவது கம்பி கொஞ்சம் ஏறி நிற்குமே, கேட்டுப் பார்த்துச் சரி பண்ணினாயா?

வியாசை ஆறுகம்பி:
...இல்லை அண்ணா. டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.