ஃப்ரீ சோலோ பார்த்ததிலிருந்து கடலில் இறங்கணும் போல இருக்கு. இறங்கலாமா?

மண்டபத்தான்:
வணக்கம் மக்களே. போன வாரம் ஃப்ரீ சோலோ ஆவணப்படம் பார்த்தேன், தூக்கம் வராமல் அதே ராத்திரி இன்னொரு தடவையும் பார்த்தேன். அலெக்ஸ் ஹானல்ட் என்கிறவர் அமெரிக்காவில் யோசெமிட்டியில் இருக்கிற எல் கேப்பிட்டன் பாறையில், கிட்டத்தட்ட 3,000 அடி உயரம், கயிறே இல்லாமல் ஏறுகிறார். 2017 ஜூன் 3, மொத்தம் 3 மணி 56 நிமிடம். ஓர் இடத்தில் கட்டைவிரல் மட்டும் பதிகிற ஒரு பிடி, அதை நம்பி இடது காலை கராத்தே உதை மாதிரி எட்டிப் போட்டு எதிர்ப்பக்கத்துப் பாறையில் ஊன்றணும். கீழே கேமரா வைத்திருப்பவரே பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

என் கதைக்கு வர்றேன். சின்ன வயசிலிருந்தே நீச்சல் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாசம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நேரத்தில் வீம்புக்குத் தென்கடலில் இறங்கி, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு வள்ளக்காரர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். அதிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. மண்டபத்தில் இருந்துகொண்டு இதை வெளியே சொல்லவே கூச்சம். இப்போது என்னடாவென்றால் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரைக்கும் நீந்தணும் என்று தோன்றுகிறது! 1994இல் குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக்கு நீரிணையைக் கடந்ததைக் கேட்டு வளர்ந்தவன் வேறு. இது நிஜமான வேகமா, படம் பார்த்த போதையா?

சங்குகுளி:
போதைதான் தம்பி. ஆழிக்குமரன் ஆனந்தனைத் தெரியுமா? வல்வெட்டித்துறைக்காரர், 1971இல் இதே பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் இறந்துபோனார். நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பேசுகிறீர்கள். நேர்கோட்டில் பார்த்தாலே ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அதற்கு இரண்டு நாட்டு அனுமதி, கூடவே படகு, ராத்திரி நீச்சல், சொறி என்கிற ஜெல்லி மீன். திட்டுவதாக நினைக்க வேண்டாம், வீட்டில் பிள்ளைகுட்டி இருக்குமே என்றுதான் சொல்கிறேன்.

பாசிக்காரி மகள்:
அண்ணே, நீங்கள் 2017ஐ மட்டும் சொல்கிறீர்கள். 2016இல் விடியுமுன் இருட்டில் ஏற ஆரம்பித்துக் கொஞ்ச உயரத்திலேயே வேண்டாம் என்று இறங்கி வந்தாரே, அதுவும் அதே படத்தில்தான் இருக்கிறது. எனக்கு அந்த இடம்தான் பிடித்தது.

எங்க அம்மா சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிறவங்க. பாறையில் விரல் கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குவாங்க. ஆனால் காலையில் கரையில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பாங்க. கலங்கலாக இருந்தால், "இன்னிக்குத் தண்ணி சரியில்ல" என்று துணியைக் கழற்றிச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவாங்க, அன்றைய கூலி போச்சு. அதை யாரும் பயம் என்று சொன்னதில்லை. நீங்கள் அன்றைக்கு இறங்கியதுதான் அண்ணே தப்பு, இப்போது பயப்படுவது இல்லை.

தலைமன்னாரை விடுங்கள். கச்சான் காலத்தில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும், அங்கே இடுப்பளவு போய் நில்லுங்கள் முதலில்.

கீழக்கரை வாசகன்:
தங்கச்சி சொல்வது சரி. ஹானல்ட்டும் ஒரே நாளில் கயிற்றை விட்டவர் இல்லை. கயிறு கட்டி அதே பாறையில் திரும்பத் திரும்ப ஏறி, எந்தக் கை எங்கே, எந்தக் கால் எங்கே என்று நோட்டில் எழுதி வைத்துப் படித்தவர். உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

மண்டபத்தான்:
நோட்டு வாங்கவில்லை அண்ணே, கயிறு வாங்கினேன். நேற்று சாயங்காலம் வடகடல். இடுப்பில் கயிறு, மறுமுனை கரையில் மச்சான் கையில். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர், "மாட்டைக் குளிப்பாட்டுறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நெஞ்சளவு வரை போனேன், பத்து நிமிஷம் நின்றேன், அப்புறம் கெண்டைக்காலில் என்னவோ உரசியது, அலறிக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தேன். சொறிதான், கால் தடித்திருக்கிறது. வீட்டில் கொசுக்கடி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சங்குகுளி அண்ணே, இதுக்கு என்ன போடணும்?